எதிரே இருப்பது மனிதரா, நிரலா? இணையச் செஸ்ஸிலும் போக்கரிலும் சோதித்தறியும் முறை

இணையத்தில் செஸ்ஸோ போக்கரோ தொடர்ந்து ஆடுகிறவருக்கு என்றாவது ஒரு நாள் இந்தச் சந்தேகம் வந்தே தீரும்: இப்படித் தோற்கிறேனே, எதிரே உட்கார்ந்திருப்பது ஆள்தானா? அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆனால் நிரல் மனிதரை வெல்லுமா, வெல்லுமென்றால் எப்படி வெல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாமல் அந்த வழியில் இறங்கினால், திறமையாக ஆடிய ஒரு மனிதர் மேல் வீண்பழி போடுவதில்தான் அது முடியும். இரண்டு ஆட்டங்களிலும் நிரல் வெல்கிறது. வெல்லும் விதம் வேறு. விதம் வேறாக இருப்பதால் அது விட்டுச்செல்லும் தடயமும் வேறு.

செஸ்ஸில் நிரலின் பலம்

செஸ்ஸைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. 1997 மே மாதத்தில் நியூயார்க்கில் நடந்த ஆறு ஆட்டத் தொடரில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ, அன்றைய உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவை 3.5–2.5 என்ற கணக்கில் வென்றது. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்த அந்தக் கணினி, அதற்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட சில்லுகளைக் கொண்ட ஒரு பெரிய இயந்திரம். 2006-இல் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கை 4–2 என்று வென்ற டீப் ஃபிரிட்ஸ், கடையில் விலைக்குக் கிடைத்த மென்பொருள். 2009-இல் புவனெஸ் அயர்ஸில் நடந்த ஒரு போட்டியில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 என்ற நிரல், கைபேசி ஒன்றில் ஓடியபடியே பத்து ஆட்டங்களில் 9.5 புள்ளிகள் எடுத்தது. என்னைக் கேட்டால், காஸ்பரோவின் தோல்வியைவிட இந்தக் கைபேசிதான் முக்கியமான திருப்பம். உலகச் சாம்பியனை வெல்லும் பலம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது என்றால், இணையத்தில் எதிரே ஆடுபவர் எவரிடமும் அது இருக்கக்கூடும் என்றுதானே பொருள்.

மனிதர்களில் இதுவரை எட்டப்பட்ட மிக உயர்ந்த எலோ தரப்புள்ளி (ஆட்டக்காரரின் பலத்தை அளக்கும் எண்), மேக்னஸ் கார்ல்சன் 2014 மே மாதத்தில் தொட்ட 2882. எஞ்சின்கள் எனப்படும் செஸ் நிரல்களுக்கான தரவரிசைப் பட்டியல்களில் முன்னணியில் இருப்பவை 3500-ஐத் தாண்டி நிற்கின்றன. இரண்டும் தனித்தனிக் களங்களில் கணக்கிடப்பட்டவை என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழித்துப் பார்ப்பது சரியாகாது என்றாலும், இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை உணர இது போதும். 2016 ஜனவரியில் கொமோடோ என்ற எஞ்சின், உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான ஹிகாரு நாகமுராவுக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏதேனும் ஒரு சலுகை கொடுத்தே ஆடியது. சிப்பாய் ஒன்றைக் குறைத்துக்கொண்டு தொடங்குவது அத்தகைய சலுகைகளில் ஒன்று. அப்படியும் நான்கு ஆட்டங்களின் முடிவில் எஞ்சினே 2.5–1.5 என்று முந்தியது.

இதை நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகக் கிடைக்கும் திறமூல எஞ்சின். அதை இறக்கிக்கொண்டு, ராணி இல்லாமல் ஆடச் செய்யுங்கள். அந்த ஆட்டங்களில் வென்றுவிட்டால் யானையைக் குறையுங்கள், பிறகு குதிரையை. எந்தச் சலுகையில் உங்கள் வெற்றி நிற்கிறதோ அதுதான் உங்களுக்கும் நிரலுக்கும் உள்ள தூரம். ஒரு வாரம் இப்படி ஆடியவருக்கு எஞ்சின் எப்படி ஆடுகிறது என்பது கைக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் அடுத்த வேலைக்கு வேண்டிய முதல்.

செஸ் ஆட்டத்தில் தடயம் தேடுதல்

முதலில் நேரத்தைப் பாருங்கள், நகர்வுகளை அல்ல. ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலான தளங்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை நொடி செலவானது என்பதைக் காட்டும். மனிதர் ஒருவரின் நேரக்கணக்கு மேடும் பள்ளமுமாக இருக்கும்: வெட்டுப்பட்ட காய்க்குப் பதில் வெட்டு ஒரே நொடியில் வரும், ராஜாவின் முன்னே இருக்கும் சிப்பாயைத் தள்ளலாமா வேண்டாமா என்ற இடத்தில் அரை நிமிடம் போகும். ஒவ்வொரு நகர்வையும் எஞ்சினில் உள்ளிட்டு, அது சொல்வதைப் பார்த்து ஆடுகிறவருக்கு எல்லா நகர்வும் ஒரே வேலைதான்.

ஐந்து நிமிட ஆட்டம் ஒன்றில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 19-ஆவது நகர்வில் எதிராளியின் பிஷப்பை வெட்டினேன். திருப்பி வெட்ட அவருக்கு ஒரே ஒரு சிப்பாய்தான் இருந்தது, யோசிக்க எதுவுமே இல்லை. வெட்டுவதற்கு 7 நொடி எடுத்துக்கொண்டார். அடுத்த நகர்வில், எந்த மிரட்டலும் விடுக்காத ஓர் அமைதியான நகர்வாகத் தன் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தி, நான் அதை எடுத்தால் ஆறு நகர்வுகளுக்குப் பிறகு என் ராணி சிக்கும்படி செய்தார். அதற்கும் 7 நொடி. அதன் பின் நான் செக் வைத்தேன். அவருடைய ராஜா போவதற்கு ஒரே கட்டம்தான் இருந்தது. அதற்கு 6 நொடி. மூன்றில் எது கடினமான நகர்வு என்று எவரும் சொல்லிவிடுவார்கள். கடிகாரத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

நேரம் சந்தேகத்தை எழுப்பினால் அடுத்தது நகர்வுகள். இங்கே பலரும் செய்யும் பிழை, ஆட்டம் முழுவதையும் எஞ்சினிடம் கொடுத்து அது தரும் துல்லிய சதவீதத்தைப் பார்த்து முடிவுகட்டுவது. முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் தொடக்கநிலைப் பாடத்திலிருந்து வருபவை. அவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது குற்றமில்லை. திருப்பி வெட்டுதல், செக்கிலிருந்து விலகுதல் போன்ற கட்டாய நகர்வுகளை எவரும் சரியாகவே ஆடுவார்கள். ஒரு தரப்பு மூன்று சிப்பாய்களின் மதிப்புக்கு மேல் முந்திவிட்டால் அதன் பிறகு பெரும்பாலும் பல நகர்வுகளும் வெற்றி தரும். இம்மூன்றையும் நீக்கிவிடுங்கள். மீதி இருப்பது பெரும்பாலும் பதினைந்து இருபது நகர்வுகள்தான். அவற்றிலும் மூன்று நான்கு நியாயமான தெரிவுகள் இருந்த இடங்களில் எதிராளி எத்தனை முறை எஞ்சினின் முதல் தெரிவை எடுத்தார் என்று எண்ணுங்கள். உலகச் செஸ் கூட்டமைப்புக்கு இத்துறையில் உதவும் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் ரீகனின் ஆய்வும் அடிப்படையில் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது: இந்தத் தரத்தில் உள்ள ஒருவர் எஞ்சினோடு எத்தனை முறை ஒத்துப்போவது இயல்பு, அதிலிருந்து இவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதே கேள்வி.

வென்றுகொண்டிருக்கும் நிலையில் நடந்துகொள்ளும் விதமும் ஒரு நல்ல அடையாளம். ஒரு யானை கூடுதலாக வைத்திருக்கும் மனிதர், ராணிகளை மாற்றிக்கொண்டு ஆட்டத்தை எளிதாக்கிவிடுவார். வம்பு வேண்டாம் என்பது மனித இயல்பு. எஞ்சினுக்கு வம்பு என்று ஒன்று கிடையாது. பதினோரு நகர்வில் செக்மேட் கண்ணுக்குத் தெரிந்தால், தன் ராஜா திறந்தவெளியில் நின்றாலும் ராணியை மாற்றாமல் அந்தப் பதினோரு நகர்வையும் ஆடும்.

ஓர் ஆட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எதிராளியின் கடைசி இருபது ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் அவை எல்லோருக்கும் திறந்தே இருக்கும். நேற்றுத் தொடங்கிய கணக்கு என்பது மட்டும் ஆதாரமாகாது, பலமான ஆட்டக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். நான் சந்தேகப்பட்டு ஆராய்ந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் கடைசியில் கண்டுபிடித்தது என்னுடைய பிழைகளைத்தான். நான் காயை இலவசமாக விட்டிருக்கிறேன், எதிராளி அதை எடுத்திருக்கிறார். அதற்கு எஞ்சின் எதற்கு?

போக்கரில் வெற்றி என்பது வேறு

செஸ்ஸில் எல்லாக் காய்களும் இருவர் கண்முன்னும் இருக்கின்றன. போக்கரில் எதிராளியின் சீட்டு மறைவாக இருக்கிறது. டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் உங்கள் இரண்டு சீட்டுகளைப் பார்த்த பிறகு எதிராளியிடம் இருக்கக்கூடிய இணைகள் 1,225. ஆகவே இந்த இடத்தில் சரியான ஆட்டம் எது என்று தனியாகக் கேட்க முடியாது. அந்த 1,225-இல் ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு அவர் எப்படி ஆடியிருப்பார் என்பதோடு சேர்த்துத்தான் கேட்க முடியும். நிரல் இதற்குக் கண்ட வழி, எதிராளியைப் படிப்பதல்ல. எதிராளி யாராக இருந்தாலும் தன்னைச் சுரண்ட முடியாத ஒரு சமநிலையில் ஆடுவது.

ஒரே ஒரு இடத்தை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். இருவர் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள், கடைசிச் சீட்டான ரிவரும் விழுந்துவிட்டது, பாட் எனப்படும் நடுவில் குவிந்த பந்தயத் தொகையில் 100 சில்லுகள் (பந்தய வில்லைகள்) இருக்கின்றன. நிரல் 100 சில்லுகளைப் பந்தயம் வைக்கிறது. நீங்கள் கால் செய்ய, அதாவது அதே தொகையை வைத்து ஆட்டத்தில் நீடிக்க, 100 கொடுக்க வேண்டும். வென்றால் பாட்டில் இருந்த 100-ம் அது வைத்த 100-ம் சேர்ந்து 200 கிடைக்கும். இப்படிப் பந்தயம் வைக்கும் மூன்று தடவைகளில் இரண்டு தடவை உண்மையான பலத்தோடும் ஒரு தடவை ப்ளஃபாகவும் (பலம் இருப்பதுபோல் காட்டும் பாசாங்கு) இருக்கும்படி நிரல் பார்த்துக்கொள்கிறது. மூன்று முறையும் நீங்கள் கால் செய்தால் இரண்டு முறை நூறு நூறாக 200 இழப்பீர்கள், ஒரு முறை 200 பெறுவீர்கள், கணக்கு பூஜ்யம். மூன்று முறையும் ஃபோல்டு செய்தாலும், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகினாலும், உங்கள் கையிலிருந்து எதுவும் போவதில்லை, எதுவும் வருவதுமில்லை, அதுவும் பூஜ்யம். நீங்கள் எதைச் செய்தாலும் வேறுபாடு இல்லாத இடத்துக்கு அது உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. முகத்தைப் படித்தோ குரலைக் கேட்டோ இதிலிருந்து தப்ப முடியாது, ஏனெனில் இந்த முறை ப்ளஃபா இல்லையா என்பது நல்ல மனநிலை, கெட்ட மனநிலை எதையும் சாராமல் விகிதப்படி நடக்கிறது. மனிதர் அப்படி இருப்பதில்லை. ஒருவர் ப்ளஃபை மறந்தே போவார், இன்னொருவர் ப்ளஃபை மட்டுமே ஆடுவார்.

இந்த விகிதங்களை நிரல் தன்னோடு தானே ஆடிக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும், வேறு விதமாக ஆடியிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்ற வருத்தக் கணக்கை அது வைத்துக்கொள்கிறது. வருத்தம் அதிகமுள்ள தெரிவை அடுத்த சுற்றில் அதிகமாக ஆடுகிறது. கோடிக்கணக்கான சுற்றுகளில் இது சமநிலையை நெருங்கும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையைக் கொண்டுதான், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள இருவர் ஹோல்டம் ஆட்டத்தை நடைமுறையில் முழுமையாகவே தீர்த்துவிட்ட செஃபியஸ் என்ற நிரல் 2015-இல் வெளியானது.

வரம்பற்ற ஆட்டம் அவ்வளவு எளிதில் மசியவில்லை. 2015-இல் பிட்ஸ்பர்க் நகரில் கிளாடிகோ என்ற நிரல் 80,000 கைகள் (சீட்டுப் போட்டு ஆடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு கை) ஆடி, நான்கு தொழில்முறை வீரர்களிடம் பின்தங்கியது. 2017 ஜனவரியில், கிளாடிகோவை உருவாக்கிய அதே கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழுவின் லிப்ராட்டஸ் 120,000 கைகள் ஆடி, நால்வர் அணி ஒன்றை 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகளில் வென்றது. 2019-இல் ப்ளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையிலும் தொழில்முறை வீரர்களை முந்தியது. இதில் வியப்பு என்னவென்றால், ப்ளூரிபஸுக்குப் பயிற்சி அளிக்க எட்டு நாள்களும், மேகக் கணினியில் 150 டாலருக்கும் குறைவான செலவும் போதுமாக இருந்தன.

ஆனாலும் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சமநிலை ஆட்டம் தோற்காது என்ற உத்தரவாதம் இருவர் ஆட்டத்துக்கு மட்டுமே உண்டு. மூன்று பேர் உட்கார்ந்தாலே அந்தக் கணித உத்தரவாதம் போய்விடுகிறது, ப்ளூரிபஸ் வென்றது நடைமுறையில் கண்ட முடிவுதான். மேலும் சமநிலையில் ஆடும் நிரல், எதிராளியின் பலவீனத்தைத் தேடிப்போய்ப் பிழிவதில்லை. எல்லாப் பந்தயத்துக்கும் கால் செய்கிற ஒரு கத்துக்குட்டியிடமிருந்து, அனுபவமுள்ள மனிதர் ப்ளஃபை முற்றிலும் நிறுத்திவிட்டு, பலமான கைகளில் பந்தயத்தைப் பெரிதாக்கி, நிரலைவிட அதிகமாகவே எடுத்துவிடுவார். இதற்கெல்லாம் மேல், ஒவ்வொரு பாட்டிலிருந்தும் தளம் எடுத்துக்கொள்ளும் கழிவு இருக்கிறது. மேசையில் சமமாக ஆடும் நிரல்கூட அந்தக் கழிவினால் நட்டத்தில் முடியலாம்.

எத்தனை கைகளுக்குப் பிறகு சந்தேகப்படலாம்

செஸ்ஸில் எஞ்சினிடம் பத்து ஆட்டம் ஆடினால் உண்மை தெரிந்துவிடும். போக்கரில் பத்து அல்ல, பத்தாயிரம் கைகள்கூடப் போதாது. ஆறு பேர் மேசையில் வரம்பற்ற ஹோல்டம் ஆடும்போது, 100 கைகளுக்கு ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 80 முதல் 100 பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டிய கட்டாயப் பந்தயம்) வரை இருக்கும். நடுவில் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கைகள் ஆடினால் அது நூறு தொகுதிகள். சராசரியில் உள்ள பிழை 90-ஐ நூறின் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தால் வரும் 9. நன்றாக ஆடும் ஒருவரின் உண்மையான லாபமே 100 கைகளுக்கு 5 பெரிய பிளைண்ட் என்ற அளவில்தான் இருக்கும். ஆக, பிழை லாபத்தைவிடப் பெரிது. ஒரே மேசையில் மணிக்கு 70 கை என்றால் 10,000 கைகளுக்கு 140 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை மணி நேரம் ஆடிய பிறகும், தோற்றது திறமைக் குறைவாலா அதிர்ஷ்டக் குறைவாலா என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு மாலைப் பொழுதுகள் தோற்றுவிட்டு நிரல் என்று முடிவு கட்டுவதில் அர்த்தமே இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் இந்த அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரு தந்திரம் செய்தார்கள். அதை நண்பர் ஒருவரோடு சேர்ந்து நீங்களும் செய்யலாம். லிப்ராட்டஸ் போட்டியில், ஓர் அறையில் மனிதருக்கு வந்த சீட்டுகள் இன்னோர் அறையில் நிரலுக்கும், நிரலுக்கு வந்தவை அங்கே இருந்த மனிதருக்கும் போயின. இரண்டு முடிவுகளையும் கூட்டினால் நல்ல சீட்டு வந்த யோகம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். பயிற்சி நிரல் ஒன்றோடு ஆடும்போது, சீட்டுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி, நீங்கள் ஒரு பக்கமும் நண்பர் மறு பக்கமுமாக அதே வரிசையை ஆடிப் பாருங்கள். அதே எண்ணிக்கைக் கைகளில், தனியாக ஆடினால் கிடைப்பதைவிட அதிகத் தெளிவு கிடைக்கும்.

போக்கர் மேசையில் தடயம் தேடுதல்

வெற்றி தோல்வியால் அறிய முடியாது என்றால் நடத்தையால்தான் அறிய வேண்டும். உங்கள் கை வரலாற்றைத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடியுமானால், சந்தேகத்துக்குரியவர் ஒரு பெரிய பாட்டை இழந்த பின் ஆடிய இருபது கைகளை மட்டும் தனியே எடுங்கள். மனிதர் என்றால் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும்: கோபத்தில் கண்ட கைகளையெல்லாம் ஆடுவார், அல்லது பயந்து சுருங்குவார், அல்லது எழுந்தே போய்விடுவார். இழப்புக்கு முந்தைய இருபதும் பிந்தைய இருபதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க, அது ஐந்தாறு தடவை தொடர்ந்தால் கவனிக்க வேண்டிய ஆள்தான். பல ஆண்டுகள் பழகிய நிதானக்காரர்களும் உண்டு என்பதால் இது மட்டும் போதாது.

அடுத்து பந்தயத்தின் அளவையும் நேரத்தையும் பாருங்கள். சிறு தொகை மேசைகளில் உலவும் நிரல்கள் பெரும்பாலும் ப்ளூரிபஸ் ரகமல்ல. விதிப்பட்டியல் ஒன்றின்படி ஆடும் எளிய நிரல்கள். அவற்றின் பலம் திறமையில் இல்லை, சலிப்பில்லாமையில் இருக்கிறது. சாப்பிடாமல், தூங்காமல், பல மேசைகளில் ஒரே நேரத்தில் ஆடுகின்றன. ஒரே மாதிரியான சூழலில் முப்பது முறையும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, சில்லு பிசகாமல், அதே இரண்டு நொடி இடைவெளியில் வைக்கிறதென்றால் அது பட்டியல் நிரலின் குணம். இத்தகைய நிரலைக் கண்டுகொண்டவர் அதை வெல்லவும் முடியும்; மாறாத பழக்கம் என்பதே சுரண்டத்தக்க பழக்கம்தான்.

கண்டுபிடிக்கக் கடினமானவர் மூன்றாவது ரகம்: சமநிலைத் தீர்வைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு ஆடும் மனிதர். இவர் எளிய முடிவுகளை உடனே எடுப்பார், அரட்டையில் பதிலும் சொல்வார், தூங்கவும் போவார். ஆனால் அரிதாக வரும் இடங்களில், அதாவது அனுபவசாலிகளே தடுமாறும் இடங்களில், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுத்துக்கொண்டு, பாட்டைவிடப் பெரிய பந்தயம், வழக்கத்துக்கு மாறாக முந்திக்கொண்டு வைக்கும் பந்தயம் போன்ற நுட்பமான தெரிவுகளை எடுப்பார். எளிய இடங்களில் சாதாரண ஆள், கடினமான இடங்களில் மட்டும் மேதை என்ற இந்த முரண்தான் அவரைக் காட்டிக்கொடுப்பது. படித்துத் தேர்ந்தவருக்கு இரண்டுமே நன்றாக வரும்.

சந்தேகம் வலுத்த பிறகு

அரட்டைப் பெட்டியில் குற்றம் சாட்டாதீர்கள். பிழையாக இருந்தால் அவமதிப்பு. சரியாக இருந்தால் எச்சரிக்கை, எதிராளி உடனே நேரத்தை மாற்றிக்கொள்வார். மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். செஸ் என்றால் அந்தக் கணக்கைத் தடுத்துவிடுங்கள். பிறகு நிதானமாக ஒரு புகாரை எழுதுங்கள். ஏமாற்றுகிறான் என்ற ஒற்றை வரிப் புகாரால் பயனில்லை. எந்த ஆட்டம், எந்த நகர்வுகள், எத்தனை நொடிகள், எந்தக் கை எண்கள் என்று குறிப்பிட்டால் ஆராய்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்பது தெரியும். சுட்டியின் அசைவு, திரை மாறிய நேரங்கள், ஒரே கருவியிலிருந்து இயங்கும் பல கணக்குகள் என நீங்கள் பார்க்க முடியாத தரவுகளைத் தளம் பார்க்க முடியும். உங்கள் வேலை அவர்களை அந்த இடத்துக்கு அழைத்துச்செல்வது மட்டுமே.

செஸ்ஸில் மூன்று நிமிடமும் அதற்குக் குறைவுமான ஆட்டங்களில், ஒவ்வொரு நகர்வையும் வேறொரு திரையில் உள்ளிட்டுப் பார்க்க நேரம் போதாது. திருட்டு முற்றிலும் நின்றுவிடாது, தானியங்கி முறையில் செய்கிறவர் இருக்கவே செய்வார், ஆனால் குறையும். போக்கரில் அடையாளச் சரிபார்ப்பு கடுமையாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் தற்காப்பு.

புகார் கொடுத்த பின், என்ன கண்டார்கள் என்று தளம் விரிவாகச் சொல்லும் என எதிர்பார்க்க வேண்டாம். கண்டறியும் முறையை வெளியிட்டால் அதைத் தாண்டும் முறையும் உருவாகிவிடும் என்பதால் பொதுவாக ஒரு வரிப் பதிலோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் கணக்கின் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தேடிப் பாருங்கள். மூடப்பட்டதாகக் காட்டினால், நீங்கள் இழந்த தரப்புள்ளிகளைச் சில செஸ் தளங்கள் தாமாகவே திருப்பிச் சேர்த்திருக்கும்; சில போக்கர் தளங்கள் முடக்கிய தொகையைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டும் கொடுக்கும். மூடப்படவில்லையென்றால், உங்கள் குறிப்புகளைத் திரும்ப எடுத்து, நீக்க வேண்டிய நகர்வுகளை உண்மையிலேயே நீக்கினீர்களா என்று முதலிலிருந்து சரிபாருங்கள்.